கிலோவாட்டும் கிலோவாட் மணியும்: மின்சாரக் காரின் இரண்டு கணக்குகள்



ஒரு சனிக்கிழமை மாலை நாம் பள்ளிக்கூட வராந்தாவில் அமர்ந்து மாணவர்களின் பயிற்சி நூல்களைத் திருத்திக் கொண்டிருந்தோம். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், ஆறாம் ஆண்டில் படிக்கும் தம் பேத்தியோடு வந்து சேர்ந்தார். அவர் கையில் நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாள் இருந்தது.

"சார், ஒரு கணக்குக் கேக்கணும். பையன் மின்சாரக் கார் வாங்கப் போறானாம். நான் ஜாமீன் கையெழுத்துப் போடணுமாம். இந்தத் தாள்ல 160 கிலோவாட்னு போட்டிருக்கு. நம்ம வீட்டு அயன் பெட்டி 1 கிலோவாட்டுதான். அதை ஒரு மணி நேரம் போட்டாலே பில்லு ஏறுதுன்னு வீட்டுல சத்தம். 160 அயன் பெட்டியை ஒண்ணாப் போட்ட மாதிரி இந்தக் கார் கரண்டு குடிச்சா, நாங்க எப்படி சார் பில்லுக் கட்டுறது?"

நாம் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய கேள்வியும் அல்ல அது. அண்ணனின் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று முறை 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பட்டணத்துக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து வர வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய கார் வழியில் நின்றுவிடத் தொடங்கியிருந்தது. புதுக் கார் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் புரியாத எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட ஓர் உழைப்பாளியின் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் நல்ல தயக்கம். அன்று மாலை அவருக்கும் பேத்திக்கும் நாம் சொன்ன விளக்கத்தையே, இன்னும் சற்று விரிவாக, இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

நேயர்களே, மின்சாரக் காரைப் பற்றிய தாளில் இரண்டு எண்கள் முதன்மையாக இருக்கும். ஒன்று கிலோவாட். மற்றொன்று கிலோவாட் மணி. பெயரில் ஒரே ஒரு சொல்தான் கூடுதல். ஆனால் பொருளில் இரண்டும் வெவ்வேறு. முதலாவது, எவ்வளவு விரைவாக வேலை செய்ய முடியும் என்பதைச் சொல்வது. அதைத் திறன் என்கிறோம். இரண்டாவது, மொத்தம் எவ்வளவு வேலை நடந்தது என்பதைச் சொல்வது. அதை ஆற்றல் என்கிறோம்.

பால்மரம் சீவுகிறவரை எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 100 மரம் சீவ வல்லவர் ஒருவர் இருக்கிறார். அது அவருடைய திறன். அன்று நான்கு மணி நேரம் நின்று 400 மரம் சீவி முடித்தார். அது அவர் செய்த வேலை. பெரட்டில் நின்று, "நான் மணிக்கு 100 மரம் சீவுவேன்" என்று சொன்னதற்காகக் கிராணி சம்பளம் எழுதுவதில்லை. சீவி முடித்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறார். மின்சார வாரியமும் அப்படித்தான். உங்கள் வீட்டுச் சாமான்களுக்கு என்ன திறன் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. மாத முடிவில் மீட்டர் எத்தனை கிலோவாட் மணி ஓடியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. நாம் யூனிட் என்று சொல்வது அந்தக் கிலோவாட் மணியைத்தான்.

இதைக் கேட்டுக் கொண்டிருந்த பேத்தி, "தாத்தா, உங்க லாரியில ரெண்டு மீட்டர் இருக்குமே, அது மாதிரியா?" என்றாள். மிகச் சரியான உவமை. முள் ஆடுகிற மீட்டர் வேகத்தைக் காட்டும். எண் ஓடுகிற மீட்டர் மொத்தத் தூரத்தைக் காட்டும். கிலோவாட் என்பது முள் மீட்டர் போன்றது. கிலோவாட் மணி என்பது எண் மீட்டர் போன்றது. லாரியின் முள் மீட்டரில் 120 என்று அச்சிட்டிருக்கிறது என்பதற்காக, அண்ணன் தம் வாழ்நாள் முழுதும் 120 கிலோமீட்டர் வேகத்திலா ஓட்டினார்?

விளம்பரத் தாளில் உள்ள 160 கிலோவாட் என்பது அத்தகைய உச்ச எண். காரின் மோட்டார், முழு மூச்சைக் கொடுத்தால், அவ்வளவு திறனைத் தர வல்லது என்பதே அதன் பொருள். ஒரு கைதேர்ந்த செம்பனை அறுவடைக்காரர் 30 கிலோ குலையைத் தூக்கி வண்டியில் எறிய வல்லவர் என்றால், நாள் முழுவதும் 30 கிலோவைத் தலையில் சுமந்துகொண்டே நடக்கிறார் என்று ஆகிவிடாது அல்லவா?

இந்த வாட் என்ற அளவு, நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட் என்ற ஸ்காட்லாந்து அறிஞரின் பெயரால் வந்தது. அவர் 1736இல் பிறந்து 1819இல் மறைந்தவர். சுரங்கங்களில் குதிரைகளைப் பூட்டி வேலை வாங்கிய முதலாளிகளுக்குத் தம் இயந்திரத்தின் வலிமையைப் புரிய வைக்கவே அவர் குதிரைசக்தி என்ற கணக்கைப் பயன்படுத்தினார். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். ஆயிரம் வாட் சேர்ந்தது ஒரு கிலோவாட். ஆகவே 160 கிலோவாட் என்பது ஏறக்குறைய 214 குதிரைசக்தி. விளம்பரங்களில் இதை 218 என்றும் காணலாம். அது மெட்ரிக் முறைக் குதிரைசக்தி. பெட்ரோல் காருக்குக் குதிரைசக்தி சொல்வதும், மின்சாரக் காருக்குக் கிலோவாட் சொல்வதும் ஒரே செய்தியின் இரு வடிவங்களே.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லத் தோன்றுகிறது. நல்ல உடற்கட்டுள்ள ஒரு மனிதர் நாள் முழுவதும் சளைக்காமல் உழைத்தால், அவர் தரும் சராசரித் திறன் ஏறக்குறைய 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு அது 600 வாட் மணி. அதாவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. நம் பாட்டன்மார் விடிந்தது முதல் வெயில் ஏறும்வரை உடலால் கொடுத்த உழைப்பு, மின்சாரக் கணக்கில் பார்த்தால், சில பத்துக் காசு. இதைக் கேட்டு மனம் சுருங்க வேண்டியதில்லை. மனிதனின் விலை அவன் தசையில் இல்லை. மரத்தின் பட்டையில் எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று அறிந்த கையில் இருக்கிறது. அதே வேளையில், ஒரு யூனிட் மின்சாரம் எவ்வளவு பெரிய வேலை செய்யக்கூடியது என்பதையும் இதனால் உணரலாம். ஒரு யூனிட்டை வீணாக்காமல் பயன்படுத்த முடிந்தால், ஆயிரம் கிலோ எடையை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்.

சரி, 160 கிலோவாட் மோட்டார் உண்மையில் எவ்வளவு திறனோடு ஓடுகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 கிலோவாட் மணி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 90 கிலோமீட்டர் போயிருக்கும். அதற்கு 13.5 கிலோவாட் மணி செலவாகியிருக்கும். ஒரு மணி நேரத்தில் 13.5 கிலோவாட் மணி என்றால், சராசரித் திறன் 13.5 கிலோவாட். அதாவது மோட்டாரின் உச்சத் திறனில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். முன்னே போகும் லாரியைத் தாண்டும்போதும், நெடுஞ்சாலையில் ஏறும்போதும், சில விநாடிகளுக்கு மட்டும் அந்த எண் 60, 80 என்று ஏறி இறங்கும்.

"அப்ப பில்லுக்கும் அந்த 160க்கும் சம்பந்தமே இல்லையா சார்?" என்று கேட்டார் அண்ணன். மின்கட்டண பில்லுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் இன்னோர் இடத்தில் உண்டு. நம் மலேசியாவில் பெட்ரோல் காருக்குச் சாலை வரி எஞ்சினின் சி.சி. கணக்கில் வாங்கப்படுகிறது. மின்சாரக் காருக்கு 2022 முதல் 2025 இறுதிவரை சாலை வரி விலக்கு இருந்தது. 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்து வரி கணக்கிடப்படுகிறது. திறன் கூடினால் வரியும் கூடும். நமக்குத் தேவையில்லாத திறனுக்கு ஆண்டுதோறும் வரி கட்டுவானேன் என்பதையும் வாங்குமுன் எண்ண வேண்டும்.

இனி இரண்டாவது எண்ணுக்கு வருவோம். மின்கலத்தின் கொள்ளளவு கிலோவாட் மணியில் எழுதப்பட்டிருக்கும். இது பெட்ரோல் தொட்டியின் லிட்டர் அளவு போன்றது. எடுத்துக்காட்டாக, 2024 டிசம்பரில் நம் நாட்டில் வெளிவந்த புரோட்டான் இ.மாஸ் 7 காரைப் பாருங்கள். மோட்டார் 160 கிலோவாட். ஆனால் மின்கலத்தில் இரண்டு வகை. ஒன்றில் 49.52 கிலோவாட் மணி. மற்றதில் 60.22 கிலோவாட் மணி. மோட்டார் ஒன்றே, தொட்டிதான் இரண்டு அளவு. சோதனை முறையில் அளந்த தூரம் முதல் வகைக்கு 345 கிலோமீட்டர், இரண்டாம் வகைக்கு 410 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டது. 60.22ஐ 410ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால், 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14.7 கிலோவாட் மணி என்று விடை வரும். இந்த வகுத்தலை அண்ணனின் பேத்தியே செய்து காட்டினாள்.

இவ்வாறு கிடைக்கும் எண்தான் மூன்றாவது எண். செலவைத் தீர்மானிப்பது இதுவே. காரின் முன்பலகையில் 15.0 என்று தெரியும். அருகில் 100 கிலோமீட்டருக்குக் கிலோவாட் மணி என்று குறித்திருக்கும். இதைப் படிப்பதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பெட்ரோல் காரில் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அங்கே எண் பெரிதானால் மகிழ்ச்சி. இங்கே எண் சிறிதானால்தான் மகிழ்ச்சி. 13 என்றால் சிக்கனம். 20 என்றால் செலவு. சில கார்களில் ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தலைகீழாகக் காட்டும். அங்கே 6.7 என்று இருந்தால், 100ஐ 6.7ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 15 வரும். வேறு சிலவற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 150 வாட் மணி என்று இருக்கும். அதுவும் அதே 15தான். இரண்டு கார்களை ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் நிலையாக நிற்பதும் இல்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். தானா ராத்தா வரை தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர். காரும் ஆட்களும் சேர்ந்து 2,000 கிலோ எடை என்றால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 7.6 கிலோவாட் மணி வேண்டும். மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் எட்டரை. சமதரையில் 60 கிலோமீட்டருக்குச் செலவாகும் 9 கிலோவாட் மணியையும் கூட்டினால் பதினேழரை. முன்பலகை 100 கிலோமீட்டருக்கு 29 என்று காட்டும். காரில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடக் கூடாது. மலைக்கு நாம் கொடுத்த கடன் அது. இறங்கும்போது மோட்டார் தானே மின்னாக்கியாக மாறி, பிரேக்கில் வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். அப்போது கிலோவாட் முள் பூஜ்யத்துக்குக் கீழே போவதைப் பார்க்கலாம். கடன் முழுவதும் திரும்புவதில்லை. ஆனால் நல்ல பங்கு திரும்பும். பெட்ரோல் காருக்கு இந்த வசதி இல்லை.

வேகமும் ஒரு பெரிய காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 90இலிருந்து 110க்கு வேகத்தைக் கூட்டினால், வேகம் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் கூடுகிறது. காற்று எதிர்ப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதனால்தான் நெடுஞ்சாலையில் விரைந்து போகிறவர் விளம்பரத் தாளில் உள்ள தூரத்தைக் காண்பதில்லை. குளிர்சாதனம், நல்ல வெயிலில், ஏறக்குறைய ஒரு கிலோவாட் எடுக்கலாம். ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றால் ஒரு யூனிட் போகும். அது ஆறேழு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம்.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காரே ஓர் எண்ணைக் காட்டுமே, அதை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். அது இதுவரை ஓட்டிய விதத்தைப் பார்த்துக் கார் செய்யும் ஊகம். மலை இறங்கியபின் கூட்டிச் சொல்லும். மலை ஏறியபின் குறைத்துச் சொல்லும். நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவர், அந்த எண்ணில் கால் பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மட்டும் நம்புவது நல்லது.

அடுத்து மின்னேற்றும் கணக்கு. இங்கேயும் கிலோவாட் வருகிறது. ஆனால் இது மோட்டாரின் திறன் அல்ல. மின்கலத்துக்குள் மின்சாரம் பாயும் விரைவு. தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் எவ்வளவு பெரியது என்பது போன்றது. வீட்டுச் சாதாரண மூன்று முனைப் பிளக்கில், காரோடு வரும் கையடக்க மின்னேற்றி வழியாக ஏறக்குறைய 2 கிலோவாட் பாயும். 32 ஆம்பியர் தனி இணைப்பில் பெட்டி பொருத்தினால் 7 கிலோவாட் பாயும். நெடுஞ்சாலை ஓரத்து வேக மின்னேற்று நிலையங்களில் 50, 100 கிலோவாட் என்றும் அதற்கு மேலும் உண்டு.

அண்ணன் வீட்டுத் தேவையைக் கணக்கிட்டோம். பட்டணம் போய் வர 64 கிலோமீட்டர். 100க்கு 15 என்ற கணக்கில் 9.6 கிலோவாட் மணி. ஆனால் வீட்டு மீட்டரில் 9.6 ஓடாது, ஏறக்குறைய 11 ஓடும். மின்னேற்றும்போது பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக வெப்பமாகப் போய்விடுகிறது. பால் வாளியை ஸ்டோருக்குக் கொண்டு போகும் வழியில் சிறிது சிந்துவதில்லையா, அது போல. காரின் முன்பலகை சிந்தியதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டு மீட்டர் சேர்க்கிறது. பணம் கட்டுவது மீட்டருக்கே. ஆகவே முன்பலகையை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் மாத முடிவில் ஏமாற்றம் வரும். 11 யூனிட்டை 2 கிலோவாட் வீதம் ஏற்ற ஐந்தரை மணி நேரம் ஆகும். இரவு தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும்.

இப்போது பணக் கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மீட்டரில் 170 யூனிட். ஒரு யூனிட்டுக்குக் கணக்கு வசதிக்காக 45 காசு என்று வைத்தால் 76 ரிங்கிட் 50 காசு. அவருடைய பழைய காருக்கு 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல். 1,000 கிலோமீட்டருக்கு 80 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தின்படி லிட்டர் 1 ரிங்கிட் 99 காசு என்று போட்டால், 159 ரிங்கிட் 20 காசு. மிச்சம் ஏறக்குறைய 83 ரிங்கிட்.

ஆனால் இதில் இரண்டு எச்சரிக்கைகள். 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்குத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு கூடக் கூட அந்தத் தள்ளுபடி குறையும். காரின் யூனிட்டுகள் வீட்டு யூனிட்டோடு சேரும்போது தள்ளுபடியும் இளைக்கும். அடுத்து, வீட்டில் ஏற்ற வசதியில்லாமல், எப்போதும் வேக மின்னேற்று நிலையத்தையே நம்பினால் என்ன ஆகும்? அங்கே ஒரு யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 20 காசு என்று வைத்தாலும், 150 யூனிட்டுக்கு 180 ரிங்கிட். பெட்ரோலைவிடக் கூடுதல்! மின்சாரக் கார் சிக்கனமா இல்லையா என்பதற்கு ஒரே பதில் இல்லை. உங்கள் வீட்டில் பாதுகாப்பாக மின்னேற்ற முடியுமா என்பதைப் பொறுத்ததே அந்தப் பதில்.

பாதுகாப்பு என்ற சொல்லை நாம் அழுத்திச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்குமுன் நம் குவார்ட்டர்ஸில் ஒரு நீட்டுக் கம்பியில் சோற்றுப் பானையையும் தண்ணீர்க் கெண்டியையும் சேர்த்து மாட்டியிருந்தோம். பாடம் எழுதிக் கொண்டிருக்கும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் பிளக் இளகி, சுவரில் ஒட்டிக் கொண்டிருந்தது. அறிவியல் பாடம் நடத்துகிற வீட்டிலேயே இந்த நிலை. தவறு நம்முடையதே.

மின்சாரக் கெண்டி 2 கிலோவாட். காரின் கையடக்க மின்னேற்றியும் 2 கிலோவாட். "கெண்டி மாட்டுகிற பிளக்தானே, கார் மாட்டினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கிலோவாட்டுக்கும் கிலோவாட் மணிக்கும் உள்ள வேற்றுமை உயிரைக் காக்கிறது. கெண்டி ஐந்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். கார் ஆறு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். திறன் ஒன்றே, கடந்து போகும் ஆற்றலோ 72 மடங்கு. 2 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடும். தளர்ந்த பிளக்கில் அரை ஓம் தடை இருந்தால் போதும், அந்தச் சிறு இடத்தில் மட்டும் 40 வாட் வெப்பம் பிறக்கும். பழைய 40 வாட் குண்டு விளக்கை எரியவிட்டுக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். அந்த விளக்கு பிளக்குக்குள்ளேயே இரவெல்லாம் எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லாரும் தூங்கும் நேரத்தில், பலகைச் சுவர் வைத்த லயத்து வீட்டில்.

ஆகவே நேயர்களே, நீட்டுக் கம்பியில் காரை மாட்டவே கூடாது. பழைய லயத்து வீட்டின் ஒயரிங்கைச் சோதிக்காமல் மாட்டக் கூடாது. மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனிச் சுவிட்சு, மின்கசிவுத் தடுப்பு, சரியான நிலத் தொடர்பு ஆகிய நான்கும் வேண்டும். இவற்றைச் செய்ய வேண்டியவர் பதிவு பெற்ற மின்பணியாளர். தெரிந்த பையன் ஒருவன் மலிவாகச் செய்து தருவான் என்று விட்டுவிடாதீர்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பயப்பட வேண்டியது 160க்கு இல்ல, அடுப்படிப் பிளக்குக்குத்தான்" என்றார். நாம் ஒன்றரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். இன்னொன்றையும் நாம் நினைவூட்டினோம். மாதம் 83 ரிங்கிட் மிச்சம் என்பது கார்த் தவணையைக் கட்டிவிடாது. தவணையை மகனின் சம்பளம் தாங்குமா என்பது தனிக் கணக்கு. அதை மகனோடு உட்கார்ந்து, தாளில் எழுதிப் பார்த்த பிறகே ஜாமீன் கையெழுத்து.

அவர்கள் அப்படியே செய்தார்கள். நாளுக்கு 64 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 160 கிலோவாட் மோட்டாரும் பெரிய மின்கலமும் தேவையில்லை என்று கண்டு, திறனிலும் விலையிலும் குறைந்த சிறிய கார் ஒன்றைத் தேர்ந்தார்கள். முதலில் ஒயரிங் வேலை முடிந்தது. அடுத்ததாகத்தான் கார் வந்தது. இப்போது பேத்தி ஒரு பயிற்சி நூலில் கோடு போட்டு, பாட்டி பட்டணம் போய் வந்த ஒவ்வொரு நாளும் மூன்று எண்களை எழுதி வருகிறாள்: போன தூரம், காரின் முன்பலகை சொன்ன யூனிட், வீட்டு மீட்டர் சொன்ன யூனிட். முதல் நாள் பக்கத்தில் 64, 8.9, 10.2 என்று இருக்கிறது. சிறிய கார், ஆகையால் நாம் போட்ட கணக்கைவிடச் சற்றுக் குறைவு. அந்த எண்களுக்குப் பக்கத்தில், "பாட்டி வழியில் தூங்கினார்" என்றும் எழுதியிருக்கிறாள்.

நேயர்களே, கார் வாங்காதவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். இன்று இரவு ஏழு மணிக்கு உங்கள் வீட்டு மீட்டரில் உள்ள எண்ணைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். நாளை இரவு ஏழு மணிக்கு மீண்டும் எழுதச் சொல்லுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால், உங்கள் குடும்பத்தின் ஒரு நாள் யூனிட் கிடைக்கும். அதை 24ஆல் வகுத்தால், உங்கள் வீடு சராசரியாக எத்தனை கிலோவாட் திறனில் ஓடுகிறது என்பது தெரியும். இரண்டு எண்களும் இரண்டு வேறு செய்திகள் என்பதைப் பிள்ளைகள் அந்த ஒரு கணக்கிலேயே பிடித்துக்கொள்வார்கள். நாளை அவர்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போட நேர்ந்தாலும், அதில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் போடுவார்கள்.